கால் பங்கு

“சாக்கைப் போடுங்க அல்பேட் அங்கிள், செனட் காத்துக்கொண்டு நிக்குது” என்றாள் தனுஷிகா.

அல்பேட் போடவில்லை. இரண்டு துளை வெட்டிய அந்த அரிசிச் சாக்கைக் கையில் வைத்துப் பார்த்தபடி நின்றார். துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவர், கொட்டும் பனியிலும் கையுறை போடாத மனிதர். அந்தக் கை சாக்கின் துளைகளைப் பொத்திப் பிடித்ததை மேடையின் மறுபக்கத்தில் நின்ற யோசெப் கண்டார்.

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் ஒரு தேவாலயத்தின் நிலவறை. மட்டக்களப்பு ஒன்றியத்தின் ஆண்டு விழாவுக்கு நாடக ஒத்திகை. தனுஷிகா இங்கேயே பிறந்து, கல்லூரியில் ரோம வரலாறு படிப்பிப்பவள். பேரரசர் காலத்து ரோமில் காட்டிக்கொடுத்துப் பிழைத்தவர்களைப் பற்றி அவளே நாடகம் எழுதியிருந்தாள்.

“அங்க அரச வழக்கறிஞர் எண்டு ஒருத்தரும் இல்ல” என்று முதல் நாளே விளங்கப்படுத்தியிருந்தாள். “ஆரும் ஆரையும் குற்றஞ்சாட்டலாம். விருந்தில பேரரசரைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னாலே காணும், ராசதுரோகம். தலை போனா, சொத்தில கால் பங்கு காட்டிக்குடுத்தவனுக்கு.”

ரோம நாடகங்களில் போல முகமூடி வேண்டும் என்றாள். அது இன்னும் வந்து சேரவில்லை. ஒத்திகைக்கு ஒரு சாக்குப் போதுமே என்று சொன்னவர் யோசெப். காட்டிக்கொடுப்பவன் வேடம் அல்பேட்டுக்குத்தான் பொருந்தும் என்று சொன்னவரும் அவர்தான். வீட்டில் மனைவி பிலோமினம்மா சாக்கில் துளை வெட்டியபோது, “இன்னும் கொஞ்சம் கீழ, மூக்குக்குக் கிட்ட” என்று பக்கத்தில் நின்று இடம் காட்டினார்.

தனுஷிகாவுக்கு அது வெறும் சாக்கு. மற்றவர்களுக்கு அப்படியல்ல. போர்க்காலத்தில் ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு என்றால் ஆண்களை வரிசையில் நடக்க விடுவார்கள். ஜீப்புக்குள் இப்படி ஒரு சாக்கு உட்கார்ந்திருக்கும். சாக்கு தலையாட்டினால் ஆள் திரும்பி வரமாட்டான். அந்தத் தலையாட்டிகள் யாரென்பது வெளியில் வரவேயில்லை.

“எனக்கு இது ஏலா, மகள்” என்றார் அல்பேட். சாக்கு கையிலிருந்து நழுவியது. மாசி மாதக் குளிரில் அவர் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

செனட்டர் வேடத்தில் இருந்த மரியதாசன் வெள்ளைப் போர்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். அவருடைய மச்சான்மார் இருவர் அப்படிப் போனவர்கள்.

“ஏன் ஏலா?”

“வேணாம், மரியதாசன் அண்ணன்.”

“அதக் கண்டு நாங்க பயப்பிடலாம். போடுறதுக்கு நீ என்னத்துக்குப் பயப்பிடுறாய்? முந்திப் போட்டிருக்கியா?”

அல்பேட் வாயைத் திறந்தார். “என்ட அண்ணனை…” என்று தொடங்கியவரை மரியதாசன் முடிக்க விடவில்லை.

“எல்லாருக்கும்தான் அண்ணன் தம்பி இருந்தது. கேட்டதுக்குப் பதிலச் சொல்லு.”

அல்பேட் மேடை விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவே பதிலாகிவிட்டது. ஆனாலும் மரியதாசன் நியாயம் பார்க்கிற மனிதர். யோசெப்பின் பக்கம் திரும்பினார்.

“நீயும் இவனும் ஒரே ஊர். உனக்குத் தெரியாம இருக்காது. இவனா?”

அல்பேட் தலை நிமிர்ந்தார். அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது போலிருந்தது. “சொல்லுங்க யோசெப் அண்ணன்” என்றார். “உங்களுக்குத் தெரியும்தானே.”

வருகிற ஞாயிறு ஒன்றியத்தின் தலைவர் தேர்தல். போட்டியில் நின்றவர்கள் அல்பேட்டும் யோசெப்பும் மட்டுமே. அல்பேட் வெல்வார் என்பதுதான் எங்கும் பேச்சாக இருந்தது.

யோசெப் கண்களைத் தாழ்த்திக்கொண்டு தலையை ஒருமுறை அசைத்தார்.

முதல் அடி யாருடையது என்று தெரியவில்லை. ஒரு பெண் காறித் துப்பினாள். தனுஷிகா குறுக்கே விழுந்து பிரெஞ்சில் கத்தியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. அல்பேட்டைப் படியில் இழுத்துக்கொண்டுபோய்ப் பனிக்குள் தள்ளினார்கள். அவருடைய ஜக்கெற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போன ஒருவரை இன்னொருவர் தடுத்து நிறுத்தினார். அல்பேட் வீடு போய்ச் சேருமுன்பே செய்தி நகரத்தின் மறுகோடியில் ரொக்ஸ்பரோவரைக்கும் போய்விட்டது.

மரியதாசன் யோசெப்பின் கையைப் பிடித்தபடி அழுதார். “இவ்வளவு காலமும் மனசுக்குள்ள வச்சிருந்திருக்காய். இனி என்னத்துக்குத் தேர்தல்? நீதான் தலைவர்.”

திரும்பும்போது யோசெப் காரை மெதுவாக ஓட்டினார். உடம்பு இலேசாக இருந்தது, பசி கூட எடுத்தது. ஒத்திகை பார்க்க வந்திருந்த பிலோமினம்மா பக்கத்தில் இருந்தாள். ஹென்றி புராசா வீதியில் சிவப்பு விளக்கு விழுந்தது.

“பாவம்தான்” என்றார் யோசெப். “என்ன செய்யிற. சனம் கேட்டா, சொல்லத்தானே வேணும்.”

பிலோமினம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

“அவர்ர அண்ணனுக்கும் நீங்கதானே தலையாட்டினீங்க.”