முதலில் வாய் திறப்பவர்

"வாங்க, ஒக்காருங்க."

கதிரையில் இருந்த பெண் அப்படிச் சொன்னதுமே யசிந்தா முடிவு கட்டிவிட்டாள். இவதான் நான் காது கொடுக்க வேண்டிய ஆள்.

பேச்சில் மலைநாட்டு வாடை அடித்தது. தோய்த்துத் தோய்த்து நிறம் போன சேலை. தேய்ந்த றப்பர் செருப்பு. மலையிலிருந்து வந்து நெடுங்கேணிப் பக்கம் குடியேறி, வயலில் கமம் செய்கிற குடும்பமாக இருக்கும். பாவம், என்ன கவலையோ.

ஒட்டுசுட்டானில் ஒரு பாலர் பாடசாலை அறை அது. எதிரெதிரே இரண்டு கதிரைகள், நடுவில் மேசை கிடையாது. உளவளத்துணைப் பயிற்சியின் கடைசிப் பரீட்சை.

சாதாரண தரப் பரீட்சையில் சித்தி வேண்டும் என்றார்கள், இருந்தது. ஒரு வருட வகுப்பு என்றார்கள், புதுக்குடியிருப்புக்குச் சைக்கிள் மிதித்துப் போய் முடித்தாள். எழுத்துப் பரீட்சையையும் தாண்டிவிட்டாள். இனி, முன்பின் தெரியாத ஒருவரை இருத்தி அவருடைய துயரத்தைக் கேட்டுக் காட்ட வேண்டும். அதிலும் தேறினால்தான் சான்றிதழ், இடம்பெயர்ந்தோர் முகாமில் வேலை எல்லாம்.

கேற்றடியில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்த, பயிற்சிக்குப் பொறுப்பான சிவனேஸ்வரி மிஸ், அவளைக் கண்டதும் உள்ளே போய் இருக்கும்படி கையைக் காட்டியிருந்தார். பரீட்சிக்கிறவர் பிறகு வந்து பின்னால் இருப்பாராக்கும் என்று யசிந்தா நினைத்துக்கொண்டாள்.

வந்தவர் வாய் திறக்கும்வரை நீ திறக்காதே. வகுப்பில் முதல் நாள் சொன்ன விதி அது. யசிந்தா வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

அந்தப் பெண்ணும் வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

யசிந்தா இலேசாக முன்னால் சாய்ந்தாள். அவளும் சாய்ந்தாள். யசிந்தா கைகளை மடியில் வைத்தாள். அவளுடைய கைகள் ஏற்கெனவே மடியில்தான் இருந்தன.

கவலையோடு வந்தவள் இப்படியா பார்ப்பாள்? கண்ணை எடுக்காமல், அவசரமே இல்லாமல்?

யசிந்தாவுக்கு அறிய வேண்டும்போல் அரித்தது. சின்ன வயதிலிருந்தே ஊர்ப் புதினம் அறியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இந்தப் பயிற்சிக்கு வந்ததுகூட ஒன்றை அறியத்தான். ஆளைப் பறிகொடுத்தவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படிக் கண்ணயர்கிறார்கள்?

அதை அறிய அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை யாரிடமும் சொல்ல வழியில்லை. வீட்டில் இழப்பு நடந்து இரண்டு வருடம் ஆகாதவர்களை இந்தப் பயிற்சிக்கு எடுக்கமாட்டார்கள். தெரியவந்தால் இடையில் நிறுத்தியும் விடுவார்கள். நேர்முகத்தில் கேட்டபோது, எங்கள் வீட்டில் எல்லாரும் சுகம் என்று ஒரே போடாகப் போட்டிருந்தாள்.

வெளியே ஒரு காகம் கரைந்து ஓய்ந்தது. அந்தப் பெண் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி கடலுக்குப் போனவன். இன்னும் வரேல்லை."

சொன்னது யார் என்று யசிந்தாவே திடுக்கிட்டாள்.

பிறகு நிறுத்த முடியவில்லை. போன வருட ஆடியில், செம்மலைக் கரையில் படகு மட்டும் ஒதுங்கியதைச் சொன்னாள். உடல் கிடைக்காததால் கோயிலில் ஒரு பூசைகூட ஒப்புக்கொடுக்க அம்மா விடவில்லை. தம்பி மன்னாருக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்று அயலுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரவில் கதவுக்குக் கொளுக்கி போட விடுவதில்லை. வீட்டில் ஒருவரும் அழுவதில்லை. அழுதால் அவன் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. இடைக்கிடை "ம்" என்றாள். அழவேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் யசிந்தா அழுதாள், படகு ஒதுங்கிய நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, மூக்கு ஒழுக ஒழுக. நெஞ்சு கொஞ்சம் இலேசானது.

அப்போது கதவு திறந்தது.

சிவனேஸ்வரி மிஸ் புழுதியும் வியர்வையுமாக நின்றார். டீசல் தடையால் மண்ணெண்ணெயில் ஓடுகிற பஸ் பாதி வழியில் நின்றுவிட்டதாம். பரீட்சைக்குக் கதை சொல்ல வேண்டிய இரண்டு அம்மாக்களும் இப்போதுதான் வந்து இறங்கினார்களாம். மல்லாவி வகுப்புப் பிரேமிளா, புதுக்குடியிருப்பு வகுப்பு யசிந்தா, உங்கள் இரண்டு பேரில் யார் முதலில் என்று கேட்டார்.

மல்லாவி வகுப்பு.

யசிந்தாவுக்கு விளங்கியது, இவளும் பரீட்சைக்கு வந்தவள். ஒரு சேலையையும் ஒரு செருப்பையும் பார்த்து ஆளை எடைபோட்ட தன் கெட்டித்தனத்தை நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது. அந்த இரண்டு வருட விதி மல்லாவி வகுப்புக்கும் ஒன்றுதான். பிரேமிளாவும் அதே நேர்முகத்துக்குப் போய் வந்தவள்தானே, மிஸ்ஸிடம் சொல்லிவிட்டால்?

மிஸ் யசிந்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டார். ஏன் கண்ணெல்லாம் வீங்கியிருக்கிறது, என்ன நடந்தது என்று கேட்டார்.

யசிந்தா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பிரேமிளா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒண்ணுமில்ல மிஸ், பரீட்சைப் பயம். நான் மொதல்ல செய்யிறேன், அவங்க ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வரட்டும்."

மிஸ் தலையாட்டினார். யசிந்தா வெளியே வந்து சுவரோடு சாய்ந்து நின்றாள். பஸ்ஸில் வந்த அம்மாக்களில் ஒருவர், முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, அவளைக் கடந்து அறைக்குள் போனார்.

உள்ளேயிருந்து அதே குரல் கேட்டது.

"வாங்க, ஒக்காருங்க."