பலகை நடுவே மூட்டை

லாரிக்கும் கிடங்குக்கும் இடையே இரண்டாள் உயரத்தில் கிடந்த பலகையில், சடையன் நெல் மூட்டையைச் சுமந்து பாதி வந்தபோது ஒரு சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது.

"உள்ள போனா நீ கருங்காலிடா" என்றார்கள் அவர்கள்.

"திரும்புனா கால ஒடிப்போம்" என்றது எதிர்ச்சங்கம்.

சடையன் நின்றான். கீழே இரு சங்கத் தலைவர்களும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு டீ வந்தது, சமரசமும் வந்தது. பேச்சு முடியும்வரை மூட்டை உள்ளேயும் போகாது, லாரிக்கும் திரும்பாது என்று இருவரும் கையெழுத்திட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"அண்ணே, கழுத்து ஒடியுது. கீழ போட்டுரட்டுமா?" என்றான் சடையன்.

"போட்டா ரெண்டு சங்கத்துலயும் உனக்கு வேல இல்ல" என்றார்கள் தலைவர்கள். "பயப்படாத. எல்லார் கண்ணும் உம்மேலதான்."

அவனுடைய முழங்கால் ஆடத் தொடங்கியது. பலகைக்குக் கீழே நின்ற இரு சங்கத்தாரும், யாரும் சொல்லாமலே, ஒன்றாக விலகி இடம் விட்டார்கள்.