தரைத்தளத்தில் ஓர் அறை

"ரூம் கீழயே கிடைக்குமாங்க? மாடி வேண்டாம்."

தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

கூடத்தில் பேசிக்கொண்டிருந்தது மிதுனா. அவளுடைய மகள். பதின்மூன்று வயது. காதில் அம்மாவின் செல்போன். குரலுக்கு மட்டும் எங்கிருந்தோ முப்பது வயது வந்திருந்தது.

தரங்கம்பாடியில் ஒரு விடுதி. மே மாதத்தில் மூன்று நாள். கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது. அவ்வளவுதான் திட்டம்.

திட்டம் போட்டவள் மிதுனா.

அதுதான் அம்மாவுக்கு விளங்கவில்லை.

நான்கு வருடமாக மே மாதம் என்றால் தீம் பார்க். கரூரிலிருந்து விடியுமுன் கிளம்பி, கேட் திறக்கும்போது வரிசையில் முதல் ஆளாக நிற்பவள் மிதுனா. கடல் அவளுக்குப் பிடிக்காது. வேளாங்கண்ணியில் ஒரு தரம், கால் விரலிடுக்கில் மணல் ஒட்டிக்கொண்டதற்கு அரை நாள் அழுதாள்.

இந்த வருடம் அவளே வந்து, "கடலுக்குப் போலாம்," என்றாள்.

தம்பி நிகிலன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மிதுனா தன் கேரம் போர்டை அவனுக்கே கொடுத்து வழிக்குக் கொண்டுவந்தாள்.

கணவரும் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. பஸ் பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமைகூடச் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். போன வருடம் பிப்ரவரியிலேயே பார்க்குக்கு டிக்கெட் எடுத்தவர். "பாப்பா சொன்னா சரிதான்," என்று எழுந்து போய்விட்டார்.

ஏன் கடல்?

அம்மா யோசித்தாள். தோழிகள் யாராவது அங்கே வருகிறார்களா? விசாரித்தாள், இல்லை. பள்ளிக்கூடத்தில் ஏதாவது பாடமா? அதுவும் இல்லை.

பிறகு ஒரு காரணம் தட்டுப்பட்டது. மகள் வளர்ந்துவிட்டாள். நனைந்த உடையோடு அத்தனை பேர் நடுவில் நிற்கக் கூச்சமாக இருக்கும்.

மகளிடம் கேட்கவில்லை. தொளதொளவென்று கருநீலத்தில் இரண்டு மேல்சட்டை வாங்கி, அவள் அலமாரியில் வைத்தாள். மிதுனா எடுத்துப் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா இது?" என்றாள்.

இப்போது மகள் போனில் கேட்டுக்கொண்டே போனாள்.

"ரூம்ல இருந்து தண்ணிக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்?"

"மணல்லயா, ரோட்டுலயா?"

"நிழல்ல நாற்காலி போட்டுத் தருவீங்களா?"

கூடத்தில் காலடிச் சத்தம். சமையலறைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, மிகவும் மெதுவாக:

"பக்கத்துல ஹார்ட் டாக்டர் இருக்கற ஆஸ்பத்திரி எதுங்க?"

அவள் அடுப்பை அணைத்தாள்.

கூடத்துக்கு வந்தபோது மிதுனா திரும்பினாள். போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

"யாருக்குக் கண்ணு?"

மிதுனா சொன்னாள். ஒரு வருடமாகத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தவள்போல, தடுமாறாமல் சொன்னாள்.

போன மே மாதம். தண்ணீர்ச் சறுக்கின் படிக்கட்டு. அவளும் அப்பாவும் மட்டும் ஏறினார்கள். இரண்டாவது திருப்பத்தில் அப்பா உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். உடம்பெல்லாம் வேர்வை. உதடு வெளுத்திருந்தது. பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருவர் மட்டும், "என்ன சார், பயமா?" என்று சிரித்தார்.

கொஞ்சம் பேச்சு வந்ததும் அப்பா சொன்னாராம்:

"அம்மாகிட்டச் சொல்லாத பாப்பா. லீவு கெட்டுப்போயிரும்."

பிறகு எழுந்து, மிச்சப் படியும் ஏறி, சறுக்கி வந்தார்.

கீழே நின்று போட்டோ எடுத்தது அம்மாதான். வாயெல்லாம் சிரிப்பாக இருந்தார். நன்றாக வந்திருக்கிறது என்று தன் அக்காவுக்கு அனுப்பினாள்.

"அப்புறம் வந்துச்சா?"

"நம்ம வீட்டு மாடிப்படியில ரெண்டு தடவை. நான் பாத்தது அவ்வளவுதான்."

ஒரு வருடம்.

மளிகைப் பையைக் கீழேயே ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வருவாள் மிதுனா. அப்பா தண்ணீர் கேனில் கை வைக்குமுன் தான் தூக்கிவிடுவாள். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று இவள் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோபம் வந்தது. ஒரு வருடமா, என்று கேட்க வாயெடுத்தாள். மிதுனாவின் கீழுதடு அப்போதுதான் நடுங்க ஆரம்பித்திருந்தது.

"கடல்னா ஏற வேண்டியது ஒண்ணுமில்லைல்லம்மா. அதான்."

இவள் மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். கையில் இருந்த தேங்காய்ப்பூ அவள் முடியில் ஒட்டியது.

போனில் அந்த ஆள் இன்னும் இருந்தார். "ஹலோ... ஹலோ... மேடம்?"

இவள் போனை வாங்கினாள்.

"கீழ் ரூமையே எழுதிக்கங்க. தேதி அப்புறம் சொல்றேனுங்க. முதல்ல இங்க ஒரு டாக்டரைப் பாக்கணும்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம். முடிவெட்டப் போன அப்பாவும் மகனும் வந்துவிட்டார்கள். நிகிலன் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டு நேரே குளியலறைக்கு ஓடினான்.

அவர் வாசல்படியிலேயே நின்றார். நிலையில் ஒரு கை. சிரித்தார்.

"யாரு போன்ல?"

"தரங்கம்பாடி."

அவர் மிதுனாவைப் பார்த்தார்.

மிதுனா தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

இவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வந்து உக்காருங்க."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

உட்கார்ந்தார்.