முதல் பெஞ்ச், ஜன்னல் ஓரம்

நர்ஸ் வருவதற்குள் தலைமை ஆசிரியை ஒன்பதாம் வகுப்பை, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி முடித்திருந்தாள்.

சிகரெட் வாடை அடிப்பவன், வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாதவள், வீட்டை விட்டு ஓடிப்போய்த் திரும்பி வந்தவன். எல்லாரையும் நூலக அலமாரிகளைத் துடைக்க அனுப்பியாயிற்று.

மிச்சமிருந்தது எல்லாம் தங்கக் கட்டிகள். அவற்றிலும் யார் எங்கே என்று அவளே கைகாட்டி உட்காரவைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடியதை முதல் பெஞ்சில், ஜன்னல் ஓரமாக.

போன தடவை பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகளின் கெட்ட பழக்கங்களைப் பற்றி நர்ஸ் எடுத்த கணக்கு வெளியே கசிந்து, அதன் பெயர் சந்தி சிரித்தது. புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்க ஒருவரும் வரவில்லை. அந்தக் கதி இங்கே வரக் கூடாது.

கணக்கெடுக்கும் முறை எளிது. ஆசிரியர்கள் வெளியே போய்விட வேண்டும். பிள்ளைகள் மேஜையில் தலை கவிழ்த்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நர்ஸ் கேட்பாள். புகை உண்டா, குடி உண்டா, செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா. உண்டு என்றால் கையைத் தூக்கலாம். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

தலைமை ஆசிரியை தன் அறையில் நிம்மதியாகக் காத்திருந்தாள். அவளுடைய சட்டதிட்டங்களுக்குப் பள்ளியே நடுங்கும். கேட்டுக்குள் வந்துவிட்டால் உறவுமுறை கிடையாது, சார் மேடம் மட்டும்தான். பாட்டு வாத்தியார் தன் தங்கை மகனை மாப்ளே என்று தோளில் தட்டியதற்கே அவரை நிற்கவைத்துக் கேட்டவள் அவள்.

நர்ஸ் வந்தாள். முகம் சரியாக இல்லை. எல்லாக் கேள்விக்கும் சைபர். கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு கை.

தலைமை ஆசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பொறுக்கியும் ஒன்று தப்பிவிட்டதே.

“ஏதோ விளையாட்டுக்குத் தூக்கியிருக்கும். சைபர்னே போட்டுக்கங்க.”

நர்ஸ் பேனாவை மூடித் திறந்தாள்.

“ரெண்டாவது தடவை கேட்டேன், அப்பவும் தூக்குச்சு மேடம். யாருன்னு சொல்லக் கூடாதுதான், மனசு கேக்கல. முதல் பெஞ்ச், ஜன்னல் ஓரம். அவங்க அம்மாகிட்ட நீங்க பேசறதா இருந்தா, நான் சைபர் போட்டுக்கறேன்.”

தலைமை ஆசிரியை பேசுகிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

நர்ஸ் சைபர் போட்டுவிட்டுப் போனாள்.

இந்தப் பக்கம் ஒரு கல் கிடக்கும் என்று தலைமை ஆசிரியை தேடியதே இல்லை.

மணி அடித்தது. தினமும் போல அந்த முதல் பெஞ்சுப் பெண் பையை மாட்டிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வந்து மேஜைமேல் இருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினாள்.

“வீட்டுக்குப் போலாமா, மேடம்?”

கேட்டைத் தாண்டும்வரை அம்மா என்று கூப்பிடக் கூடாது.