நெற்றியில் ஒட்டிய வழி

அந்தக் காலனியில் குடியிருந்த எல்லோரும் நெட்வொர்க் என்ஜினியர்கள். வீட்டுக்கு வந்த பிறகும், வந்ததை அப்படியே அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும் ரூட்டர் கருவிகளாகவே இருந்தார்கள். எந்தச் சந்தில் பள்ளம் தோண்டினாலும் பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் நின்று கத்துவார். கேட்டவர்கள் ஒரு சொல் மாறாமல் அடுத்த வீட்டுக்குக் கத்துவார்கள். இப்படியே காலனியின் வரைபடம் முழுவதும் எல்லோருக்கும் மனப்பாடம். அண்மையில் அந்தக் கத்தலோடு வீட்டு எண்ணையும் சேர்த்துக்கொண்டார்கள். அதன்படி, விருந்தாளி தொட்டுச் செல்லவேண்டிய வீடுகளின் எண்களைக் காலனி வாசல் காவலாளி அவர் நெற்றியில் சீட்டுச் சீட்டாக அடுக்கி ஒட்டுவார். அந்தந்த வீட்டுக்காரர் மேல் சீட்டை உரித்துவிட்டு, அடுத்த எண் இருக்கும் பக்கம் அனுப்பிவைப்பார். சீட்டு தீர்ந்த இடமே சேரவேண்டிய வீடு. எங்கே போகிறீர்கள் என்று கேட்பது அங்கே அநாகரிகம்.

ஆதிமூலத்தின் மகளைப் பெண் பார்க்க வந்த குமரகுருபரனுக்கு வியர்த்துக் கொட்டியது. வழியில், இருபத்திரண்டாம் நம்பர் வீட்டின் கல்யாணமாகாத தாமரைச்செல்வி ஒரு சீட்டை உரித்தாள். ஈரத்தில் மிச்சமிருந்த சீட்டுகளும் கூடவே வந்துவிட்டன. அவள் வெறும் நெற்றியைப் பார்த்தாள். பிறகு முகத்தையும் பார்த்தாள்.

"ஏங்க, ஆதிமூலம் சார் வீடு..."

"நெத்தியில ஒண்ணுமில்லையே. அப்ப நீங்க வந்து சேர்ந்தாச்சு. உள்ள வாங்க, காபி போடறேன்."

காபி நன்றாகவே இருந்தது. அவள் மாடிக்குப் போய், "இருபத்திரண்டாம் நம்பர் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தாச்சு!" என்று கத்தினாள். செய்தி வீடு வீடாகப் போனது. கடைசித் தெருவில் ஆதிமூலம் பஜ்ஜித் தட்டோடு வாசலில் நின்றிருந்தார். கேட்டதும் அவர் முகம் கறுத்தது. தட்டைக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டைப் பார்த்துத் திரும்பி, ஒரு சொல் மாறாமல் கத்தினார்.