தீப்பெட்டி அளவு

கடிகாரக்காரர் பொம்மை ரயிலின் கடைசித் துண்டுத் தண்டவாளத்தைச் சுவரடி ஓட்டைக்குள் தள்ளி, இரண்டு கம்பிகளுக்கும் நடுவே தீப்பெட்டியை நீளவாக்கில் வைத்துப் பார்த்தார்.

இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

"பீடி பிடிக்கிற ஆளா இருந்தாலும் ஒரு அர்த்தம் இருக்கும். எப்பப் பாரு அந்தத் தீப்பெட்டியும் கையுமா" என்றாள் மனைவி. துணி காயப்போட வந்தவள், காயப்போட்ட பிறகும் போகவில்லை.

அவர் தீப்பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்த அளவு அக்கா வைத்த அளவு. சின்ன வயதில் இதே தோட்டத்தில் இருவரும் முதல் தண்டவாளம் போட்டபோது கம்பிகளின் இடைவெளியை அளக்க அடிக்கோல் கிடைக்கவில்லை. அக்கா சமையலறைக்கு ஓடிப்போய் தீப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இதுதான் நம் அளவு என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அந்த அளவுக்கு அப்பா செய்து கொடுத்த, சாவி கொடுத்தால் ஓடும் வண்டிக்கு பிரேக் கிடையாது. அவர் இந்த முனையில் விடுவார். அந்த முனையில் அக்கா குந்தி உட்கார்ந்து உள்ளங்கையைக் குறுக்கே வைப்பாள். வண்டி அதில் முட்டிக்கொண்டு நிற்கும். சாவி தீரும்வரை சக்கரம் முனகும்.

அவள் கைதான் ஸ்டேஷன்.

பிறகு அப்பா போய்ச்சேர்ந்தார். வீடு இரண்டானது. தோட்டத்தின் குறுக்கே சுவர் எழுந்தது. சுவர் தலைக்கு மேல் உயர்ந்த அன்று பேச்சும் நின்றது. முதலில் வாயை மூடியது யார் என்று இரண்டு பேருக்குமே மறந்துபோயிருக்கும். முதலில் திறப்பது யார் என்பதில்தான் வருஷங்கள் ஓடின.

இந்த முறை தண்டவாளத்தைச் சுவருக்கு முன்னாலேயே வளைத்திருக்கலாம். இடம் தாராளமாக இருந்தது. ஆனால் அவர் நேரே கொண்டுபோய்ச் சுவரில் முட்டவிட்டார். அப்புறம் உளியை எடுத்தார்.

கடையில் கிடைத்த வண்டி எதுவும் இந்த அளவுக்குப் பொருந்தவில்லை. பொம்மைக் கடைக்காரர் கையை விரித்தார்.

"ஐயா, இந்த அளவுக்கு உலகத்துல எவனும் வண்டி செய்யல. பேசாம தண்டவாளத்த மாத்துங்க."

அவர் வண்டியை மாற்றினார். வாங்கிய பேட்டரி இஞ்சினைப் பிரித்து, கடிகாரங்கள் கிடக்கும் மேஜையில் வைத்து, புது அச்சு கடைந்து, சக்கரங்களை விலக்கிப் பூட்டினார். ரிப்பேருக்கு வந்த கடிகாரங்கள் ஒரு மூலையில் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டு காத்திருந்தன.

ஓட்டை அந்தப் பக்கம் திறந்த அன்று, கன்னத்தைத் தரையில் பதித்து எட்டிப் பார்த்தார். கொஞ்சம் வெளிச்சம். காய்ந்த இலைகள். பழைய செருப்பு ஒன்று.

மறுநாள் பார்த்தபோது இருட்டாக இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

யாரோ என்ன, யாரோ. அந்த வீட்டில் அக்காவைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்.

அதற்கப்புறம் சாக்குக்குப் பின்னாலிருந்து டொக் டொக்கென்று சத்தம் கேட்கத் தொடங்கியது. சாக்கு போதாதென்று பலகையும் வைத்து அடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடி தண்டவாளத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

"வாயத் திறக்காமயே பதில் சொல்லிட்டாங்க உங்க அக்கா" என்றாள் மனைவி இப்போது. "இன்னும் என்னத்துக்கு?"

அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. சாக்கைத் தள்ளிக்கொண்டு போனால், வண்டி அந்தப் பக்கம் மண்ணில் கவிழும். கவிழ்ந்ததை அவள் எடுத்தாக வேண்டும். எடுத்தால் சுவருக்கு மேலே நீட்டியாக வேண்டும். நீட்டும்போது சும்மா நீட்டமாட்டாள்.

"பலகையில முட்டிக்கிட்டு நிக்கப் போகுது" என்றாள் மனைவி.

"நின்னா நிக்கட்டும்."

"தப்பித்தவறி அந்தப் பக்கம் போய் விழுந்துச்சுன்னா, உங்கள உண்டு இல்லன்னு பண்ணிடுவாங்க."

"அதுக்குத்தான்" என்றார்.

மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

அவர் வண்டியின் சுவிட்சைத் தட்டினார்.

வண்டி கொய்யா மரத்தைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, துணிகளின் நிழலுக்குள் புகுந்து வெளியே வந்தது. மூன்று பெட்டிகள். மூன்றும் காலி. சுவரை நெருங்கியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஓட்டைக்குள் நுழையும் சத்தம். சாக்கு உரசும் சத்தம்.

முட்டும் சத்தம் வரவில்லை. விழும் சத்தமும் வரவில்லை.

டக் டக். டக் டக்.

சக்கரங்கள் தண்டவாளத்தின் இணைப்புகளைத் தாண்டும் சத்தம்.

அவர் போட்ட தண்டவாளம் சுவரோடு முடிந்துவிட்டது.

டக் டக் என்று வண்டி சுவருக்கு அப்பால் போய்க்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் இடது பக்கமாக வளைந்தது. நிதானமாக, தடம் புரளாமல்.

"விழுந்துடுச்சா?" என்றாள் மனைவி மெதுவாக.

கடிகாரக்காரர் கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தார்.

அந்தப் பக்கம் சக்கரச் சத்தம் நின்றது.

மோட்டார் மட்டும் முனகிக்கொண்டே இருந்தது, ஓர் உள்ளங்கையில் முட்டிக்கொண்டு.