ஓரத்துக் கூட்டம்

கவுன்சிலர் திருமாறனுக்குக் கையும் காலும் தாடையும் பெருத்துக்கொண்டே வந்தன. குரல் கட்டையாகி, மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை போனது. பதவி வந்தால் தோரணையும் தானாக வரும் என்று அவர் நினைத்துக்கொண்டார். செருப்பு அளவு ஏறியதைக்கூட வார்டு வளர்ச்சியில் சேர்த்துப் பேசினார். ஒரே குறை, கூட்டம் எவ்வளவு கூடினாலும் இரண்டு ஓரமும் அவருக்குக் காலியாகத் தெரிந்தன. ஆள் சேர்க்கும் கோட்டைச்சாமிக்குத் திட்டு விழுந்தது. "ஓரமெல்லாம் நெறஞ்சுதாண்ணே கெடந்துச்சு" என்று அவன் செய்த சத்தியம் எடுபடவில்லை.

தலைவலி என்று கோட்டைச்சாமியோடு போன இடத்தில் டாக்டரம்மா ஸ்கேனைக் காட்டினார். "மூளைக்கு அடியில, சுரப்பியில ஒரு கட்டி. ஒடம்பை வளர்க்கிற ஹார்மோன அதுதான் கொட்டுது. பார்வை நரம்பையும் அழுத்துது. அதான் உங்களுக்கு ரெண்டு பக்கமும் தெரியல. ஆபரேஷன் பண்ணலேன்னா பார்வை முழுசாவே போயிரலாம்."

"எடுத்துட்டா இந்தத் தோரணை?"

"அது தோரணை இல்ல சார், வியாதி."

கவுன்சிலர் கைகளை மடியில் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். பிறகு, "கோட்டை" என்றார்.

"பக்கத்துலதாண்ணே நிக்கிறேன்."

அவர் தலையைத் திருப்பவில்லை. குரல் இறங்கியிருந்தது.

"திட்ட மாட்டேன்டா. ஓரத்துல ஆளே வரலேன்னு டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு."